தங்கமும் துருவும் கூடினால்...

காரைக்குடிச் சீமையில் தங்கத்தின் பெருமையை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. நகரத்தார் வீட்டுக் கல்யாணத்தில் மணப்பெண்ணின் கழுத்தில் ஏறும் கழுத்துருவை ஒரு முறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். கல்யாணத்தன்று வெளியே வரும் அந்த நகை, பிறகு பெரும்பாலும் அறுபதாம் கல்யாணத்துக்குத்தான் வெளியே வரும். இடைப்பட்ட காலமெல்லாம் இரும்புப் பெட்டிக்குள் உறக்கம். எத்தனை வருஷம் கழித்து எடுத்தாலும் நேற்றுத்தான் பட்டறையிலிருந்து வந்தது போல் மின்னும். பெட்டியின் கீல் துருப்பிடித்துக் கிறீச்சிடும். உள்ளே இருக்கும் தங்கத்துக்கு ஒன்றும் ஆகாது.

அதே காரைக்குடியில் துருவுக்கும் ஒரு பெரிய இடம் உண்டு என்றால் சிலர் சிரிக்கலாம். ஆனால் உண்மை. இரும்பு ஏன் துருப்பிடிக்கிறது, அதை எப்படித் தடுப்பது என்று பல பத்தாண்டுகளாக ஆராய்ந்து வரும் நிலையம் இங்கேதான் இருக்கிறது. ஊரார் 'சிக்ரி' என்று செல்லமாகச் சொல்லும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் அது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்தார். 1948-ம் ஆண்டு ஜூலை 25-ந் தேதி பண்டித நேரு அடிக்கல் நாட்டினார். 1953-ம் ஆண்டு பொங்கலன்று டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். உப்புக் காற்றில் உலோகங்கள் படும் பாட்டைப் பார்ப்பதற்கென்றே மண்டபம் கடற்கரையில் அந்த நிலையத்துக்கு ஒரு கிளை இருக்கிறது.

ஆக, ஒரே ஊரில் துருவே அறியாத தங்கமும் இருக்கிறது. துருவையே தொழிலாகக் கொண்ட விஞ்ஞானமும் இருக்கிறது. இந்த இரண்டையும், அதாவது தங்கத்தையும் துருவையும், ஒன்றாகக் கூட்டினால் என்ன ஆகும்? பத்தரிடம் கேட்டால், "தங்கம் கெட்டுப் போகும்" என்பார். விஞ்ஞானிகளும் வெகு காலம் வரை, "ஒன்றும் ஆகாது" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இருவர் சொன்னதும் சரியல்ல. சரியான விதத்தில் கூட்டினால், மனித உயிரைக் குடிக்கும் ஒரு விஷ வாயுவை, நெருப்பின் உதவியே இல்லாமல், உறைபனிக் குளிரிலும்கூட அந்தக் கூட்டணி செயலிழக்கச் செய்துவிடுகிறது!

அரவமில்லாத எமன்

அந்த வாயுவின் பெயர் கார்பன் மோனாக்ஸைடு. நாம் மூச்சு விடும்போது வெளியேறும் கரியமில வாயுவின் உறவுக்காரன்தான். கரியமில வாயுவில் ஒரு கரி அணுவுக்கு இரண்டு பிராணவாயு அணுக்கள். இதில் ஒன்றே ஒன்று. அந்த ஒரு அணுக் குறைவுதான் இத்தனை ஆபத்துக்கும் காரணம்.

கரியோ விறகோ போதிய காற்று இல்லாமல் எரியும்போது இந்த வாயு பிறக்கிறது. நிறம் கிடையாது, மணம் கிடையாது, தொண்டையைக் கமறவும் செய்யாது. மூச்சோடு உள்ளே போய், இரத்தத்தில் பிராணவாயுவைச் சுமந்து செல்லும் சிவப்புப் பொருளைப் பிடித்துக்கொள்கிறது. பிராணவாயுவைவிட 200 மடங்குக்கும் மேலான இறுக்கத்தோடு பிடிக்கும். இருக்கை முழுவதையும் இது ஆக்கிரமித்துக்கொண்டால் பிராணவாயு எங்கே உட்காருவது? தலை வலிக்கும், கண் சொருகும், தூக்கம் வரும். பிறகு அந்தத் தூக்கம் கலைவதில்லை. குளிர் ஊர்களில் கதவைச் சாத்திக்கொண்டு கணப்புச் சட்டியோடு படுத்தவர்கள் காலையில் எழுந்திருக்கவில்லை என்று பத்திரிகையில் படிக்கிறோமே, அதெல்லாம் இந்தப் பேர்வழியின் கைவரிசைதான். பூட்டிய அறையில் ஜெனரேட்டர் ஓடினாலும், காற்றோட்டமில்லாத குளியலறையில் காஸ் வெந்நீர்க் கொதிகலன் எரிந்தாலும் இதே கதை.

பழைய நகைப் பட்டறைகளை நினைத்துப் பாருங்கள். தாழ்ந்த கூரை, சின்ன ஜன்னல். பொடி பறந்துவிடக் கூடாது என்று அந்த ஜன்னலையும் பாதி சாத்தியிருப்பார்கள். நடுவே கரி நெருப்பு. பத்தர் ஊதுகுழலை வாயில் வைத்துக்கொண்டு நாள் முழுவதும் அதன் முன்னே குனிந்திருப்பார். மாலையில் தலை கனக்கிறது என்றால் கண்ணுக்கு வேலை அதிகம் என்று சொல்லிக்கொள்வார். கண் மட்டும் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. மாற்று மருந்தாகக்கூடிய பொருளைக் கையில் வைத்துக்கொண்டே விஷத்தைச் சுவாசித்த கதை அது. ஆனால் அவர் கையில் இருந்த வடிவத்தில் தங்கம் ஒரு பிரயோஜனமும் செய்யாது. ஏன் என்பது பின்னால் வரும்.

பிரிட்டிஷ் நிலக்கரிச் சுரங்கங்களில் இந்த வாயுவுக்குப் பயந்து கானரிக் குருவியைக் கூண்டோடு உள்ளே கொண்டுபோனார்கள். மனிதனுக்கு முன்னால் குருவி மயங்கி விழும். பார்த்ததும் எல்லோரும் வெளியே ஓடலாம். ஜான் ஸ்காட் ஹால்டேன் என்ற விஞ்ஞானி சொன்ன யோசனை அது. 1986-ல்தான் அந்தக் குருவிகளுக்கு ஓய்வு என்று அறிவித்தார்கள்.

விஷத்தை முறிக்க வழி என்ன? தாளில் எழுதிப் பார்த்தால் மிகவும் சுலபம். கார்பன் மோனாக்ஸைடுக்கு இன்னொரு பிராணவாயு அணுவைக் கொடுத்துவிட்டால் கரியமில வாயுவாக மாறிவிடும். காற்றிலே பிராணவாயுவுக்குப் பஞ்சமா? பஞ்சமில்லைதான். ஆனால் இரண்டையும் ஒரே பாட்டிலில் அடைத்து வருஷக் கணக்கில் வைத்திருந்தாலும் ஒன்றையொன்று திரும்பிப் பார்ப்பதில்லை. சுமார் 600 டிகிரி உஷ்ணம் கொடுத்தால்தான் பற்றிக்கொள்ளும். மூச்சு முட்டுகிறவனுடைய முகமூடிக்குள் 600 டிகிரி உஷ்ணத்தைக் கொண்டுவர முடியுமா?

இங்கேதான் தரகர் வேண்டியிருக்கிறது. பெண் வீட்டாரும் பிள்ளை வீட்டாரும் ஒரே தெருவில் இருந்தும் பேச்சு நகராதபோது ஒரு தரகர் வந்து முடித்து வைக்கிறார் அல்லவா? அது போல இரண்டு பொருள்களைச் சேர்த்து வைத்துவிட்டு, தான் மட்டும் முன்பு இருந்தபடியே விலகி நிற்கும் பொருளுக்குக் கிரியா ஊக்கி என்று பெயர். இப்போதைய பாடப் புத்தகங்களில் வினையூக்கி என்பார்கள். தரகராவது கமிஷன் கேட்பார். இது அதுவும் கேட்பதில்லை.

முதல் உலக மகா யுத்தத்தின் போது அமெரிக்கர்கள் அப்படி ஒரு பொருளைத் தயாரித்தார்கள். செம்பு, மாங்கனீஸ் ஆகியவற்றின் ஆக்ஸைடுகளைக் கலந்து செய்தது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ், கலிபோர்னியா என்ற இரண்டு சர்வகலாசாலைகளின் பெயர்களையும் ஒட்டவைத்து 'ஹாப்கலைட்' என்று பெயரிட்டார்கள். முகமூடிகளில் வைத்தார்கள், வேலையும் செய்தது. அதற்கு ஒரே ஒரு பலவீனம், ஈரம். காற்றிலுள்ள ஈரம் பட்டால் படுத்துவிடும். நம்முடைய ஐப்பசி, கார்த்திகையில் அதை நம்பி இறங்க முடியாது.

ஒஸாகாவில் நடந்தது

ஜப்பானில் ஒஸாகா நகரத்து அரசாங்கத் தொழில் ஆராய்ச்சி நிலையத்தில் மசடாகே ஹருடா என்ற விஞ்ஞானி இருந்தார். 1980-களின் தொடக்கத்தில் அவரும் அவருடைய சகாக்களும் பலவிதமான ஆக்ஸைடுகளைக் கலந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். தங்கத்தையும் அந்த வரிசையில் சேர்த்தார்கள்.

தங்கத்தைச் சேர்த்ததே துணிச்சல்தான். பிளாட்டினம், பல்லேடியம் போன்ற விலையுயர்ந்த உலோகங்கள் கிரியா ஊக்கிகளாகப் பேர் வாங்கியவை. தங்கமோ எதனோடும் ஒட்டாது, எதற்கும் மசியாது. அதனால்தானே அதற்கு இத்தனை மதிப்பு? எதனோடும் சேராதவர் எப்படித் தரகராக முடியும்? 1973-லேயே ஜியாஃப்ரி பாண்ட் என்ற ஆங்கிலேய ரசாயன விஞ்ஞானி, மிகச் சிறு தங்கத் துகள்கள் ஹைட்ரஜனைச் சேர்க்கும் வேலையைச் செய்கின்றன என்று காட்டியிருந்தார். அப்படியும் 'தங்கம் சோம்பேறி' என்ற பேர் போகவில்லை.

ஹருடா செய்த முறையைக் கேட்டால் நம் ஊர்ப் பத்தர்களுக்குப் பாதி புரிந்துவிடும். ராஜ திராவகத்தில் தங்கத்தைக் கரைத்தால் கிடைக்குமே ஒரு மஞ்சள் நீர், அது போன்ற தங்கக் கரைசல் ஒன்று. இரும்பு உப்பின் கரைசல் இன்னொன்று. இரண்டையும் கலந்து, சலவைச் சோடாவின் கரைசலில் சேர்த்தால் சேறு போல ஒன்று படியும். அதைக் கழுவி, உலர்த்தி, 400 டிகிரி சூட்டில் வறுக்க வேண்டும். கிடைப்பது செந்நிறப் பொடி. அந்தச் சிவப்பு முழுக்க இரும்பு ஆக்ஸைடு. சாதாரண மொழியில் சொன்னால் துரு. செட்டிநாட்டுச் செம்மண்ணின் சிவப்பும், ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் பளபளக்கும் சிவப்பும் இதே சாதிச் சரக்குதான். தங்கம் எங்கே போயிற்று? பார்த்தால் தெரியாது. துருவின் மேல் கண்ணுக்கு எட்டாத சின்னஞ்சிறு மணிகளாக ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இந்தப் பொடியின் மேல் கார்பன் மோனாக்ஸைடையும் காற்றையும் செலுத்தினார்கள். மறுபக்கம் கரியமில வாயு வந்தது. அடுப்பு மூட்டவில்லை. உஷ்ணத்தைக் குறைத்துப் பார்த்தார்கள், அப்போதும் வந்தது. பூஜ்யத்துக்குக் கீழே 70 டிகிரி, அதாவது பனிக்கட்டியைவிட எவ்வளவோ குளிர்ந்த நிலையிலும் வந்துகொண்டே இருந்தது! 1987-ல் இந்த முடிவு வெளியானபோது ரசாயன உலகம் மூக்கின் மேல் விரலை வைத்தது. 600 டிகிரி கேட்டுக்கொண்டிருந்த வேலையை உறைபனியில் முடித்துக் காட்டினால் யார்தான் வைக்க மாட்டார்கள்?

ஹாப்கலைட்டின் எதிரியான ஈரம் இந்தப் பொடியை ஒன்றும் செய்யவில்லை. செய்யாதது மட்டுமல்ல, கொஞ்சம் ஈரம் இருந்தால் வேலை இன்னும் வேகமாக நடக்கிறது. இந்த வேடிக்கைக்கு என்ன காரணம் என்பதை 2014-ல் அமெரிக்காவில் ஸான் அன்டோனியோவிலுள்ள டிரினிட்டி சர்வகலாசாலையின் விஞ்ஞானிகளும் அவர்களுடைய கூட்டாளிகளும் விளக்கினார்கள். மணியைச் சுற்றி மெல்லிய படலமாக ஒட்டியிருக்கும் தண்ணீர், பிராணவாயு வந்து பிணைவதற்குக் கைகொடுத்து, பிறகு மறுபடியும் தண்ணீராகவே பிரிந்துவிடுகிறதாம்.

ஒரு சவரன், இருபது சென்ட்

சரி, பெட்டியில் இருக்கும் சவரனுக்கும் இந்தப் பொடியிலுள்ள தங்கத்துக்கும் என்ன வித்தியாசம்?  அளவில்தான்.

ஹருடாவின் மணிகள் 5 நானோமீட்டருக்கும் உட்பட்டவை. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பாகமாகப் பிரித்தால் அதில் ஒரு பாகம் ஒரு நானோமீட்டர். மூன்று நானோமீட்டர் அகலமுள்ள ஒரு தங்க மணியில் சுமார் 800 அணுக்கள்தான் இருக்கும். பத்தரின் அரத்திலிருந்து உதிரும் பொடி எவ்வளவு நுண்மை என்று நமக்குத் தோன்றுகிறது! பட்டறைக் குப்பையைக் கூட்டி விலைக்கு வாங்கிக்கொண்டு போய் அலசுகிறவர்கள்கூட உண்டு. அந்தப் பொடியில் பத்தில் ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள ஒரு துகளை எடுத்துக்கொண்டால், அது ஹருடாவின் மணியைவிட அகலத்தில் 30,000 மடங்கு பெரியது. மலையும் கடுகும்கூட இதற்குச் சரியான உவமையாகாது. தங்க பஸ்பத்தை இங்கே யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். இது சாப்பிடுகிற சமாசாரம் அல்ல.

ஒரு சவரன் காசின் மேற்பரப்பு, இரு பக்கமும் விளிம்பும் சேர்த்து, ஏறக்குறைய 9 சதுர சென்டிமீட்டர். அதே 8 கிராம் தங்கத்தை மூன்று நானோமீட்டர் மணிகளாக உடைத்து, எல்லா மணிகளின் மேற்பரப்பையும் கூட்டினால் 800 சதுர மீட்டருக்கு மேல் வருகிறது. நம் கணக்கில் சொன்னால் இருபது சென்ட் நிலம்! கழுத்துருவை அப்படி உடைத்தால் எத்தனை ஏக்கர் தேறும் என்று கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டாம். வீட்டில் சண்டை வரும்.

பரப்பு கூடியது மட்டும் விசேஷமல்ல. செட்டிநாட்டு வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று தெருவுக்குத் தெரு நீண்டு கிடக்கும். உள்கட்டில் இருப்பவருக்குத் தெருவோடு பேச்சு வார்த்தை கிடையாது; சுற்றிலும் சொந்தக்காரர்கள். திண்ணையில் உட்கார்ந்திருப்பவர்தான் போகிற வருகிறவரைக் கூப்பிட்டு விசாரிப்பார். தங்கக் கட்டியின் உள்ளே உள்ள ஒவ்வொரு அணுவுக்கும் பன்னிரண்டு பக்கத்து வீட்டார். அதற்கு வேறு யாருடைய உறவும் தேவையில்லை. கட்டியைப் பார்த்தால் அணுக்களில் மிகப் பெரும்பாலானவை உள்கட்டு அணுக்களே. மணி சிறுத்து 800 அணுக்களுக்கு வந்துவிட்டாலோ மூன்றில் ஒன்றுக்கும் மேல் திண்ணை அணுக்கள். அவற்றிலும் மூலையிலும் ஓரத்திலும் உட்கார்ந்திருப்பவைக்குப் பக்கத்து வீட்டார் மிகக் குறைவு. அவைதான் வழியே போகிற கார்பன் மோனாக்ஸைடைக் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைக்கின்றன.

மணி எவ்வளவு சிறியதோ அவ்வளவு நல்லது என்றும் சொல்லிவிட முடியாது. 1998-ல் அமெரிக்காவில் டெக்ஸாஸ் ஏ அண்ட் எம் சர்வகலாசாலையில் வேய்ன் குட்மனும் அவருடைய கூட்டாளிகளும் டைட்டானியம் ஆக்ஸைடின் மேல் தங்கத்தைப் படிய வைத்துப் பார்த்தார்கள். இரண்டு அணு உயரமுள்ள தங்கத் திட்டுகள்தான் மற்ற எல்லாவற்றையும்விடச் சுறுசுறுப்பாக வேலை செய்தன. அந்த டைட்டானியமும் நமக்கு அந்நியச் சரக்கு அல்ல. குமரி மாவட்டத்தில் மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கருமணலில் உள்ள இல்மனைட் என்ற தாதுவில் அது இருக்கிறது, இரும்போடு சேர்ந்தபடி.

துருவின் பங்கு என்ன?

இதுவரை படித்தவர்களுக்கு ஒரு சந்தேகம் எழுந்திருக்கும். வேலை முழுவதையும் தங்கமே செய்கிறதென்றால் துரு எதற்கு? மணிகளைத் தாங்கும் வெறும் பலகையா?

அல்ல. அதே அளவுள்ள தங்க மணிகளை மணலின் சாரமான சிலிக்காவின் மேல் ஒட்டிப் பார்த்தார்கள். வேலை சுரத்தில்லாமல் நடந்தது. துருவின் மேலும் டைட்டானியம் ஆக்ஸைடின் மேலும் ஒட்டினால்தான் விறுவிறுப்பு. காரணம், தங்கம் கார்பன் மோனாக்ஸைடைப் பிடித்து வைக்கும். ஆனால் பிராணவாயுவைப் பிடிப்பதில் அதற்குச் சாமர்த்தியம் போதாது. காற்றிலுள்ள பிராணவாயு இரட்டையாகத்தான் திரியும். இரண்டு அணுக்கள் இறுகக் கட்டிப்பிடித்தபடி இருக்கும். அந்தப் பிடியைத் தளர்த்த எலெக்ட்ரான் கொடுக்க வேண்டும். துரு அதில் கைதேர்ந்தது. தன்னிடமுள்ள பிராணவாயுவைக் கொடுக்கவும் தெரியும், காற்றிலிருந்து வாங்கிக்கொள்ளவும் தெரியும். அதிலுள்ள இரும்பு அணு இரண்டு விதமான நிலைகளில் மாறி மாறி இருக்கக்கூடியது. எலெக்ட்ரான் வந்தாலும் வைத்துக்கொள்ளும், போனாலும் தாங்கிக்கொள்ளும்.

ஆகவே சம்பவம் நடக்கும் இடம் தங்கத்தின் உச்சியும் அல்ல, துருவின் நடுவும் அல்ல. இரண்டும் தொட்டுக்கொள்ளும் விளிம்பு. தங்கத்தின் மேல் உட்கார்ந்த கார்பன் மோனாக்ஸைடு விளிம்புக்கு நகர்கிறது. அங்கே பிராணவாயு காத்திருக்கிறது. கை சேர்ந்ததும் கரியமில வாயுவாகி இருவரும் காற்றோடு போய்விடுகிறார்கள். இடம் காலி; அடுத்த ஜோடி வரலாம்.

இந்த விளிம்பில் ஒவ்வொரு அணுவும் என்ன செய்கிறது என்று பார்க்க விஞ்ஞானிகளுக்கு ஆசை வந்தது. பொடியைப் பார்த்தால் கோடி கோடி மணிகள். ஒன்று போல் ஒன்று இராது. திருவிழாக் கூட்டத்தில் ஒருவருடைய பேச்சை மட்டும் கேட்க முடியுமா? ஆகவே கூட்டத்தை விட்டுவிட்டு, விரல்விட்டு எண்ணக்கூடிய சில அணுக்களை மட்டும் ஒரு கொத்தாகச் சேர்த்துத் தனி அறையில் வைத்து விசாரிக்கும் வித்தையைக் கண்டுபிடித்தார்கள்.

நவரத்தினம் போல் ஒன்பது அணுக்கள்

பீகிங்கிலுள்ள சீன விஞ்ஞானக் கழகத்தின் ரசாயன ஆராய்ச்சி நிலையத்தில் ஷெங்-குவெய் ஹெ என்பவரும் அவருடைய குழுவினரும் 2014-ல் வெளியிட்ட ஆராய்ச்சி இந்த வகையில் அழகானது. லேசர் ஒளியால் உலோகத்தை ஆவியாக்கி, அந்த ஆவியிலிருந்து அணுக் கொத்துகளை உண்டாக்கினார்கள். அவற்றில் தாங்கள் விரும்பிய ஒரே வகைக் கொத்தை எடை பார்த்துப் பொறுக்கி எடுத்தார்கள். அதில் தங்கம் ஒன்று, அலுமினியம் மூன்று, பிராணவாயு ஐந்து. மொத்தம் ஒன்பது அணுக்கள். நவரத்தின மோதிரம் போல.

இந்தக் கொத்தின் எடை, அணுக்களை எடைபோடும் கணக்கில் 358. கார்பன் மோனாக்ஸைடை உள்ளே விட்டதும் 342 ஆகிறது. பதினாறு குறைந்தது, பதினாறு என்பது சரியாக ஒரு பிராணவாயு அணுவின் எடை. வந்தவர் ஒரு பிராணவாயுவைக் கழற்றிக்கொண்டு கரியமில வாயுவாகப் போய்விட்டார்! இன்னொருவர் வந்தார், 326. மறுபடியும் பதினாறு போயிற்று. பிறகு பிராணவாயுவை உள்ளே விட்டார்கள். முள் மறுபடியும் 358-க்கு வந்து நின்றது. பழைய ஒன்பது அணுக்கள் திரும்பவும் தயார். இப்படியே சக்கரம் சுழல்கிறது. நகைக் கடைத் தராசில் குன்றிமணி எடைக்குத் தகராறு செய்கிற நமக்கு, ஒரு அணு போனதையும் வந்ததையும் தராசு காட்டிக்கொடுக்கிறது என்பதே பெரிய ஆச்சரியம்.

இதில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. இரும்பைப் போல் எலெக்ட்ரானை வாங்கி வைத்துக்கொள்ளும் சாமர்த்தியம் அலுமினியத்துக்குக் கிடையாது. கொத்திலிருந்து பிராணவாயு கழன்று போகும்போது அது விட்டுச் செல்லும் எலெக்ட்ரான்களுக்கு எங்கேயாவது ஒரு இடம் வேண்டும். அவை எங்கே தங்கின? கணக்குப் போட்டுப் பார்த்ததில், தங்க அணு பக்கத்திலுள்ள ஒரு அலுமினிய அணுவோடு நேரடியாகக் கைகோத்துக்கொண்டு அந்தப் பிணைப்பிலே எலெக்ட்ரான்களைப் பத்திரப்படுத்தி வைத்திருந்தது தெரியவந்தது. புதிய பிராணவாயு வந்து கேட்டதும் பிணைப்பை விட்டுவிட்டு எடுத்துக் கொடுத்துவிடுகிறது.

ரங்கூனிலும் பினாங்கிலும் கிட்டங்கி நடத்தியவர்களின் பேரப் பிள்ளைகளுக்கு இதை விளக்கவே தேவையில்லை. ஒருவர் கொண்டுவந்து போட்ட பணத்தைப் பெட்டியில் வைத்திருந்து, இன்னொருவர் வந்து கேட்கும்போது எடுத்துக் கொடுப்பது. நாள் முடிவில் ஐந்தொகை சரியாக இருக்க வேண்டும். துருவின் மேல் இருக்கும்போது அந்தப் பெட்டியடி வேலையில் இரும்பு பெரும்பங்கைப் பார்த்துக்கொள்கிறது. இரும்பு இல்லாத இடத்தில் ஒற்றைத் தங்க அணுவே பெட்டியடியில் உட்கார்ந்துவிடுகிறது. சோம்பேறி என்று பேர் வாங்கியிருந்த தங்கத்துக்கு இத்தனை பொறுப்பு!

பெரிய மணியின் விளிம்பில் நடப்பதும் இந்த ஒன்பது அணுக்களில் நடப்பதும் அச்சாக ஒன்றே என்று சொல்வதற்கில்லை. விளிம்பில் எந்த அணு எந்த நொடியில் என்ன செய்கிறது என்பது பற்றி விஞ்ஞானிகளிடையே வாதப் பிரதிவாதம் இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

கழிவறையில் தங்கம்!

கண்டுபிடித்தது சரி, எதற்குப் பயன்பட்டது என்று கேட்பது நம்மவர் வழக்கம். நியாயமான கேள்விதான். தங்கமும் துருவும் கூடிய இந்தச் சரக்கு முதலில் போய்ச் சேர்ந்த இடத்தைக் கேட்டால் சிரிப்பு வரும். ஜப்பானில் 1992 முதல் கழிவறைகளில் துர்நாற்றத்தை நீக்கும் சாதனத்தில் இதை வைத்தார்கள்! நாற்றத்துக்குக் காரணமான வாயுக்களையும் அது சாதாரண உஷ்ணத்திலேயே மாற்றிவிடுகிறது. லட்சுமி வாசம் செய்யும் பொருளை அங்கேயா வைப்பது என்று நம் வீட்டுப் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். ஒரு கிலோ பொடியில் நூற்றில் ஒரு பங்கு தங்கம் சேர்த்தால்கூட ஒன்றேகால் சவரன்தான் செலவு. அதனால் ஜப்பானியர் அவ்வளவாகக் கவலைப்படவில்லை.

வேறொரு பக்கத்தில் இன்னும் பெரிய காரியம் நடந்தது. பிளாஸ்டிக் குழாய்களுக்கு வேண்டிய வினைல் குளோரைடைத் தயாரிக்கச் சீனாவில் பாதரசத்தைக் கிரியா ஊக்கியாகப் பயன்படுத்தி வந்தார்கள். அதற்குத் தங்கம்தான் சிறந்த மாற்று என்று 1985-லேயே கிரகாம் ஹட்சிங்ஸ் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி கணித்துச் சொன்னார். சுமார் முப்பது வருஷம் கழித்து, கரியின் மேல் தங்கத்தைப் பரப்பிய சரக்கு ஆலைகளுக்குள் நுழைந்தது. பாதரசத்தின் கொடுமையை அறிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது தெரியும்.

ஆனால் எல்லோரும் ஆவலோடு எதிர்பார்த்த இடத்தில், அதாவது மோட்டார் வண்டியின் புகைக்குழாயில், தங்கத்தால் பிளாட்டினத்தை வீழ்த்த முடியவில்லை. காரணம் பத்தருக்கே தெரிந்ததுதான். சூடு ஏறினால் தங்கம் திரளும். 1,064 டிகிரியில் உருகும் தங்கம், இவ்வளவு சிறிய மணிகளாக இருக்கும்போது அதைவிட வெகு குறைந்த சூட்டிலேயே இளகி, பக்கத்து மணியோடு ஒட்டிப் பெரிய மணியாகிவிடும். திண்ணையெல்லாம் உள்கட்டாகிவிட்டால் யார் விருந்தாளியைக் கூப்பிடுவது? புகைக்குழாயின் அனலில் சில மணி நேரத்திலேயே ஹருடாவின் மணி பழைய சோம்பேறித் தங்கமாகிவிடும். மணிகள் நகராமல் இருக்க ஆக்ஸைடுச் சுவர் எழுப்புவது, ஒவ்வொரு மணியையும் தனித்தனிக் குழிக்குள் உட்கார வைப்பது என்று பல உபாயங்களைப் பரிசோதித்து வருகிறார்கள். குளிர்ச்சியான இடமாக இருந்தால் தங்கத்துக்கு இந்தத் தொல்லை இல்லை.

அப்படிப்பட்ட குளிர்ச்சியான இடங்களில் ஒன்று சிக்ரியின் வேலையோடு தொடர்புடையது. ஹைட்ரஜனிலிருந்து நேராக மின்சாரம் எடுக்கும் எரிபொருள் மின்கலங்களைப் பற்றி அந்த நிலையத்தின் சென்னைக் கிளையில் ஆராய்ச்சி நடக்கிறது. இந்த மின்கலத்தின் இதயம் பிளாட்டினம். இயற்கை வாயுவிலிருந்து ஹைட்ரஜன் தயாரித்தால் அதில் கொஞ்சம் கார்பன் மோனாக்ஸைடும் சேர்ந்து வரும். பத்து லட்சத்தில் பத்துப் பங்கு இருந்தாலே போதும். மனித இரத்தத்தைப் பிடித்துக்கொண்டது போல பிளாட்டினத்தையும் பிடித்துக்கொண்டு மின்கலத்தை முடக்கிவிடும். ஹைட்ரஜனை எரித்துவிடாமல் இந்த விஷத்தை மட்டும் பொறுக்கி எடுத்து எரிக்க வேண்டும். உஷ்ணம் குறைவாக இருக்கும்போது தங்க மணிகள் ஹைட்ரஜனை அவ்வளவாகத் தொடாமல் கார்பன் மோனாக்ஸைடையே முதலில் தேடிப் பிடிக்கின்றன என்பது உலகத்துப் பல ஆராய்ச்சிக்கூடங்களில் நிரூபணமாகியிருக்கிறது. பிளாட்டினத்தின் உயிரைக் காக்கத் தங்கம் காவல் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

தீ விபத்தில் புகைக்குள் சிக்கியவர்கள் மாட்டிக்கொள்ளும் முகமூடிக்கும் இதையே யோசித்து வருகிறார்கள். மூச்சுக் காற்றின் ஈரம் அங்கே பகையாக இல்லாமல் துணையாகவே இருக்கும் என்பதால் நம்பிக்கைக்கு இடமிருக்கிறது. அது மலிவாகக் கடைக்கு வந்து, கரி நெருப்பின் முன்னே குனிந்திருக்கும் பத்தரின் பட்டறைச் சுவரிலும் ஒரு நாள் மாட்டப்படலாம். அதுவரையில் அவருக்குள்ள மருந்து ஒன்றுதான். தங்கப் பொடி பறந்தாலும் பரவாயில்லை என்று ஜன்னலை அகலத் திறந்து வைக்க வேண்டும். 'ஆயிரம் ஜன்னல் வீடு' இருக்கும் ஊரில் பட்டறைக்கு ஒரு ஜன்னல் பஞ்சமாகக் கூடாது.